லட்டு வாங்கும் கை

சித்தூர் கடைத்தெருவில் ஒருவர் எடையில் கை வைத்தால், வாங்கினவர் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதே கடையின் சுவரில் வசனக் காலண்டர் தொங்கினால் திட்டு வேறு மாதிரி வரும். "ஏசு சாமியைக் கும்பிடுறவரு இப்படிப் பண்ணலாமா?" என்பார். அவர் பைபிளைத் திறந்துகூடப் பார்க்காதவராக இருக்கலாம். ஆனாலும் காலண்டர் தொங்கும் கடைக்காரர் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் மனசில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, கிறிஸ்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசத்தான் இந்தப் பத்தி. டீயை வைத்துக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஊரிலிருந்து தொடங்குகிறேன். சித்தூரும் திருப்பதியும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் பகுதி. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர் ஆரம்பகால நிலையங்களில் ஒன்று. ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷன் 1860களில் இந்தத் தெலுங்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருப்பதியில்தான் இருக்கிறது. ஏழுமலையானின் ஊர் என்று உலகமே அறிந்த இடத்தில் ஒரு திருச்சபையின் தலைமையகம் இத்தனை காலமாக இருந்துவருவது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உள்ளூரில் யாருக்கும் அது ஆச்சரியம் இல்லை.

மலைமேல் பேச்சே வேறு. 2007இல் ஆந்திர அரசு திருமலையில் பிற மதப் பிரசாரத்தைத் தடைசெய்தது. துண்டுப் பிரசுரத்துக்கோ பிரசங்கத்துக்கோ அங்கே இடமில்லை. கீழே ஊரிலும் பேருந்தில், அலுவலகத்தில், தெருவில் யாரும் யாரையும் உட்காரவைத்து வேதபாடம் நடத்துவதில்லை. அப்படியிருக்க, கிறிஸ்தவன் எதை நம்புகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? வாடகையைத் தேதி தவறாமல் கொடுக்கிறானா, தண்ணீர் லாரி வந்தால் குடத்தை முன்னால் தள்ளுகிறானா, வேலைக்கு வரும் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதையெல்லாம் பார்த்துத்தான். சபையில் இதைச் 'சாட்சி' என்பார்கள். "சாட்சி கெட்டுப்போச்சு" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் ஜெபத்தில் குறைந்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கடன் வாங்கித் திருப்பவில்லை, அல்லது தெருவில் யாரிடமோ கேவலமாக நடந்துகொண்டார் என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

எண்ணிக்கையும் இதில் சேருகிறது. ஒரு தெருவில் இரண்டே கிறிஸ்தவக் குடும்பங்கள் என்றால், அதில் ஒருவர் செய்வது இன்னொருவர் தலையிலும் விழும். இது நியாயம் இல்லைதான். இருந்தாலும் சிறுபான்மையாக வாழும் எவருக்கும், எந்த ஊரிலும், இதுதான் நிலைமை.

இனி லட்டுக்கு வருகிறேன். திருப்பதிக் கிறிஸ்தவர்களின் அன்றாட வாழ்வில் இதைவிட நுணுக்கமான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. பக்கத்து வீட்டு அக்கா மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து வருகிறார். கொண்டுவந்த பிரசாத லட்டை உடைத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் கொடுக்கிறார். உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுகிறார். வாங்குவதா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் வயசு. கிரேக்கத் துறைமுக நகரமான கொரிந்துவில் கோயிலில் படைத்த இறைச்சி கடையிலும் விருந்திலும் புழங்கியது. அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இதையே பவுலிடம் கேட்டார்கள். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்தாம் அதிகாரம்வரை இதைத்தான் பேசுகிறார். அவர் பதில் ஒரே வரியில் அடங்காது. உணவு ஒருவனைக் கடவுளிடம் நெருங்கவும் வைக்காது, தள்ளியும் வைக்காது என்கிறார். ஆனால் கோயில் பந்தியில் பங்கெடுப்பது வழிபாட்டில் பங்கெடுப்பதாகும் என்று எச்சரிக்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், அவர் மனசாட்சியை நினைத்து விட்டுவிடு என்றும் சொல்கிறார். உனக்கு உரிமை உண்டா என்பதோடு அவர் நிறுத்தவில்லை. நீ செய்வது எதிரில் இருப்பவரை என்ன செய்யும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்கிறார்.

எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் மூன்று விதமும் உண்டு. சிலர் வாங்கிச் சாப்பிடுவார்கள். சிலர் வாங்கி, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். சிலர் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிடுவார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, அது அவரவர் மனசாட்சி. வாசலில் நிற்கும் அந்த அக்காவுக்கு என்ன தெரிகிறது என்பதை மட்டும் பாருங்கள். மறுக்கும்போது முகம் சுளித்தால், வருஷத்துக்கு ஒருமுறை தன் பக்தியில் ஒரு பங்கைக் கொண்டுவந்தவரை அசுத்தமானவர்போல நடத்தியதாகிவிடும். "அக்கா, உள்ள வாங்க. தரிசனம் நல்லா ஆச்சா? ரொம்ப நேரம் நின்னீங்களா? நாங்க பிரசாதம் சாப்பிடறதில்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றால் மறுப்பும் அன்போடு போய்ச் சேரும். லட்டை வாங்காத வீட்டில் அந்த அக்கா அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதும் உண்டு. லட்டை வாங்கிக்கொண்டு, அவர் படி இறங்குமுன்னே அவர் சாமியைக் கேலி பேசும் வீடும் உண்டு. எந்த வீட்டில் கிறிஸ்துவின் மணம் இருந்தது என்று அந்த அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். மலைப்பிரசங்கத்தில் இயேசு, உங்கள் வெளிச்சம் மனிதர் முன்னால் தெரியட்டும், உங்கள் நல்ல செயல்களை அவர்கள் காணட்டும் என்ற பொருளில் பேசுகிறார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். அடுத்த அதிகாரம் தொடங்கியதுமே, பிறர் காண வேண்டும் என்று தர்மம் செய்யாதீர்கள், ஒரு கை செய்வது மற்றக் கைக்குத் தெரியக்கூடாது என்கிறார். ஒரே பிரசங்கம், அடுத்தடுத்த அதிகாரங்கள். பிறர் காண வேண்டுமா, கூடாதா?

என் புரிதல் இதுதான். தொடர்ந்து செய்யும் எந்தக் காரியமும் தெருவில் தெரியத்தான் செய்யும், அதை ஒளிக்க முடியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்தால் செயலின் முகம் திரும்பிவிடுகிறது. உதவி பெறுகிறவரைப் பார்க்க வேண்டிய கண், பார்த்துக்கொண்டிருப்பவரைத் தேடத் தொடங்கிவிடுகிறது. உதவி பெறுகிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும். வெள்ளத்தில் வீடு இழந்தவரிடம் அரிசி மூட்டையைக் கொடுத்துப் போட்டோ எடுத்தவர்களை அவர் மறப்பதில்லை. போட்டோ எடுக்காமல் வந்து சேற்றைக் கழுவிக் கொடுத்தவர்களையும் அவர் மறப்பதில்லை.

'என் சாட்சி' என்று ஓயாமல் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கும் கிறிஸ்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். நல்ல நடத்தையை நம்பிக்கையின் விளம்பரமாக எண்ணும்போது, மதம் மாற வாய்ப்பில்லாதவருக்கு நல்லது செய்ய மனசு வராமல் போய்விடும். வாடிக்கையாளர் வாங்கமாட்டார் என்று தெரிந்ததும் விற்பனையாளர் மூட்டை கட்டுவதுபோல.

அன்பு விலையாகிவிடாமல் காப்பது எவ்வளவு கடினம் என்று ஆந்திரத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1876 முதல் 1878வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் இருந்தார். அரசு வெட்டிக்கொண்டிருந்த பக்கிங்ஹாம் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினியில் இருந்தவர்களுக்கு மண்வெட்டும் வேலையும் கூலியும் கொடுத்தார். மாதிகா சமூகத்தார் பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். கிளஃப் கொடுக்க மறுத்தார். கூலியும் தானியமும் தன் கையிலிருந்து போகும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக நிறுத்திவைத்தார். நிவாரணம் முடிந்த பிறகுதான் கொடுத்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

எல்லாரும் அந்த எண்ணிக்கையைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய மறுப்புதான் முக்கியம். ஒரு மிஷனரி தேடிவந்த கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் சாப்பிடுங்கள், வேலை செய்யுங்கள், அதற்கு விலை கிடையாது என்றார். சோற்றுக்காக மாறினார்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை. தீண்டாமையில் நசுங்கிக் கிடந்த மக்களுக்கு மரியாதைக்கான பசியும் இருந்திருக்கும் என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை. எதுவானாலும், உதவியையும் அழைப்பையும் பிரித்து வைக்க வேண்டும் என்று கிளஃப் உணர்ந்தது இன்றைக்கும் செல்லும்.

இப்போது சித்தூர் மண்ணுக்கே வருகிறேன். சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் இருக்கிறது. கிறிஸ்டியன் ஃப்ரிமட்-மோலர் என்ற டென்மார்க் மருத்துவர் முன்னின்று, 1915இல் அங்கே காசநோய்க்கான சானடோரியத்தை உருவாக்கினார். அதன் பெயரிலேயே யூனியன் மிஷன் என்று இருந்தது. வேறு இடங்களில் தனித்தனிக் கோயில் கட்டி, தனித்தனி வழியில் போன பல நாட்டு, பல பிரிவு மிஷன்கள் இந்த ஒரு காரியத்துக்காகப் பணத்தையும் ஆட்களையும் சேர்த்தன. இருமுகிறவனுக்கு லுத்தரன் என்ன, பிரஸ்பிடேரியன் என்ன?

அந்தக் காலத்துக் காசநோயை இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். எலும்புருக்கி என்று பெயரைச் சொன்னாலே வீடு நடுங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, ஐசோநியாசிட் 1952இல் வந்தது. அதற்கு முன் மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, சிலருக்கு நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலை ஓயவிடும் சிகிச்சை. அவ்வளவுதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். வேலைசெய்கிறவர்களின் நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். காலையும் மாலையும் காய்ச்சல் அளந்து அட்டையில் குறிக்க வேண்டும், சளிக் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், பாலை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்று அழுகிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நோய் தனக்கும் தொற்றலாம் என்று தெரிந்துகொண்டே மறுநாளும் இதையே செய்ய வேண்டும். இதில் பிரசங்கம் செய்ய நேரம் எது? பல நோயாளிகளுக்குக் கிறிஸ்தவம் என்றால் சளிக் கிண்ணத்தை முகம் சுளிக்காமல் எடுத்துப்போன அந்தக் கைதான் நினைவில் நின்றிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம், 1948 ஆகஸ்டில், இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முன்னோட்டமாகப் போடத் தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. மோலரின் மகன் யோஹான்னஸ் ஃப்ரிமட்-மோலர் தொடர்ந்து மதனப்பள்ளியையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துப் பெரிய காசநோய் ஆய்வு நடத்தினார். அந்த ஊசிமேல் நாட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். 1955இல் ராஜாஜியே அதை எதிர்த்து எழுதினார். அப்படிப்பட்ட காலத்தில் மதனப்பள்ளிப் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளையின் கையை நீட்டினார்கள். முப்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்ததற்கு அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பிறகு, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஒரு செய்தியைச் சொன்னது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தே குணமாகலாம், சானடோரியம் கட்டாயம் இல்லை. ஆரோக்கியவரம் பொது மருத்துவமனையாக மாறி இன்றும் இயங்குகிறது.

வேலூரைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டரின் கதை ஊரறிந்தது. சித்தூரிலிருந்து வேலூர் பேருந்தில் ஏறினால் பாதிப்பேர் கையில் சி.எம்.சி. கோப்பு இருக்கும். சித்தூர் மாவட்டத்துக் குடிபாலாவிலும் இப்போது அவர்களுக்கு வளாகம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர், கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். அவர் ஒரு சம்பவத்தைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சிகிச்சையை விளக்கும்போது ஒரு இளைஞன் தோளில் கை போட்டார், அவன் அழத் தொடங்கிவிட்டான். தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று மொழிபெயர்த்தவரிடம் கேட்டார். இங்கே வரும்வரை பல வருஷமாக யாரும் தன்னைத் தொட்டதில்லை என்பதால் அழுகிறானாம் என்று பதில் வந்தது. கை போட்டபோது பிராண்டுக்கு அது ஒரு செயலாகவே தோன்றவில்லை.

வெளியே இருப்பவர்கள் இதையெல்லாம் கவனிப்பது புதிது இல்லை. நாலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தான், பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டான். அவன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், இது நமக்கு வெட்கம் என்று புலம்பியிருக்கிறான். பகைவன் தந்த சான்று என்பதால் அதற்கு எடை அதிகம்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தால் நான் உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். வெளியார் அதே கண்ணால் வேறொன்றையும் பார்க்கிறார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றதைத் தமிழ்நாடு அறியும். தெலுங்குச் சபைகளில் மாலா, மாதிகா சாதிப் பிளவு தேர்தல்வரை வந்து நிற்கிறது. கல்யாணத் தரகரிடம் "கிறிஸ்டியன்தான், ஆனா நம்ம ஆளுங்களா பாருங்க" என்று சொல்லும் குரல் தெருவுக்குக் கேட்கிறது. தலித் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் கிறிஸ்தவர் எவ்வளவு கூட்டம் போட்டுப் பேசினாலும், அந்தத் தயக்கம்தான் பேச்சை முந்திக்கொள்ளும். வரதட்சணையும் அப்படித்தான். வீட்டுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியை இரவு பதினொரு மணிவரை அலறவிட்டு, பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி யோசிக்காததும் அப்படித்தான். இவற்றைச் சிறு விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை.

அமெரிக்க மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், இந்தியாவில் கிறிஸ்தவம் அந்நியமாகத் தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று காந்தியிடம் கேட்டார். 1925இல் வெளிவந்த தன் புத்தகத்தில் காந்தியின் பதிலைப் பதிவுசெய்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் எல்லாரும் இயேசுவைப்போல வாழத் தொடங்க வேண்டும், போதனையை நீர்த்துப்போகவிடாமல் கடைப்பிடிக்க வேண்டும், அன்பை மையமாக வைக்க வேண்டும், பிற சமயங்களைப் பரிவோடு படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று காந்தி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் புத்தகத்தில் இருப்பதை முழுசாகச் செய்யுங்கள் என்றார். கடைத்தெருவில் "ஏசு சாமியைக் கும்பிடுறவரு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டவரும் அதையேதான் கேட்டார். அது எங்களுக்கு அவர் தரும் மரியாதை. இன்னும் எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் வாயே திறக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பேதுரு தன் முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சொல்வது, கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இரு, அதையும் சாந்தமாகச் சொல் என்பது. முதலில் யாராவது கேட்க வேண்டும். கேட்கவைப்பது நாம் வாழும் வாழ்க்கை.

எங்கள் பக்கம் அந்தக் கேள்வி பெரும்பாலும் வேறு உருவத்தில் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மருமகளுக்குப் பிரசவ நேரம், பையனுக்கு நாளைக்கு நேர்முகத் தேர்வு என்று பக்கத்து வீட்டு இந்து அம்மா வாசலில் வந்து நிற்பார். "எங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கம்மா" என்பார். நேற்றுத்தான் திருச்சானூர் போய்ப் பத்மாவதித் தாயாரையும் சேவித்துவிட்டு வந்திருப்பார், அதையும் மறைக்கமாட்டார். இப்படிக் கேட்க ஒருவர் நம் வீட்டு வாசலைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம். அங்கேயே, அவருக்குப் புரியும் மொழியில், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சுருக்கமாக ஜெபம் பண்ணலாம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வேண்டுமா, கூட யாராவது வர வேண்டுமா என்று கேட்கலாம். தாயாரைச் சேவித்ததைத் தவறு என்று திருத்த அது நேரம் இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு வரச்சொல்லிப் பிடித்துக்கொள்ளவும் நேரம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுப் பக்கம் போய், காய்ச்சல் விட்டதா, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிக்க வேண்டும். விடவில்லை என்றால் மறுபடியும் போக வேண்டும்.